மச்சம் ஏறாத குசினி

எங்கள் வீட்டுக் குசினியில் பதினொரு மாதம் மீன் சமைக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. எங்கள் வீடு சல்லிக் கடற்கரையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் படகுகள்தான். அப்படிப்பட்ட இடத்தில், கடற்றொழில் செய்கிற ஒருவரின் வீட்டில், பதினொரு மாதம் மீன் இல்லை, நண்டு இல்லை, கோழி இல்லை, ஒரு முட்டைகூட இல்லை. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் மச்சம் என்று சொல்வோம். மச்சத்தை நிறுத்தியவள் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

நான் மருத்துவ மாதுவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் மிட்வைஃப் என்பார்கள், நேரில் கண்டால் மிஸ் என்பார்கள். முப்பது வருடம் ஒரு தோள்பையையும் குழந்தைகளை நிறுக்கும் தொங்குதராசையும் தூக்கிக்கொண்டு இந்தக் குடாவைச் சுற்றி அலைந்திருக்கிறேன். முதலில் மூதூர், பிறகு கிளிவெட்டி, பிறகு கிண்ணியா, கடைசியில் என் சொந்தக் கரை. தடுப்பூசி, கர்ப்பவதிகளின் கிளினிக், பிரசவித்த வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது என்று வேலை பலவிதம். ஆனால் நான் வாய் வலிக்கச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். புரதம். பிள்ளைக்கும் தாய்க்கும் நாள்தோறும் புரதம் வேண்டும், அது உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்பதைத்தான்.

கிளிவெட்டியில் நெல் வெட்டிய பிறகு பயறும் கௌபியும் போடுவார்கள். விளைந்ததும் மூட்டையாகக் கட்டி விற்றுவிடுவார்கள். பத்துச் சுண்டாவது வீட்டுக்கு வையுங்கள் என்று வீடு வீடாகச் சண்டை போடுவேன். கிண்ணியாவில் களப்பிலே மட்டி அள்ளுகிற பெண்களிடம், அதை ஏழைச் சாப்பாடு என்று நினைக்காதீர்கள், உங்கள் பிள்ளைக்கு அதைவிட நல்லது கடையில் இல்லை என்பேன். மூதூரில் எருமைத் தயிர். எங்கள் கரையில்தான் எனக்கு அதிகம் கோபம் வரும். பெரிய மீனெல்லாம் லொறியில் ஏறி வெளியூருக்குப் போகும். பிடித்தவன் வீட்டுப் பிள்ளை சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக் குடித்துக்கொண்டு இருக்கும். “விலை கூடின மீனிலதான் சத்து இருக்கெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? சின்னச் சூடை மீனிலயும் அதேதான் இருக்கு. உள்ளங்கையளவு மீன், ஒரு முட்டை, ஒரு பிடி பயறு. அவ்வளவும் காணும்” என்று கத்துவேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் வெறும் மிளகுத் தண்ணீரைக் கொடுக்கிற மாமியார்மார் என்னைக் கண்டால் பின்பக்கத்தால் போய்விடுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது என்று தாய் சொன்னால் நம்பமாட்டேன். பிள்ளை சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லுவேன். குனிந்து பார்ப்பேன். என்ன மிச்சம் கிடக்கிறது, எதை ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கல்யாண வீட்டில்கூட அடுத்தவர் இலையைக் குனிந்து பார்த்து அவமானப்பட்டிருக்கிறேன்.

என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்னை ‘மிட்வைஃப் அம்மா’ என்றுதான் கூப்பிடுவார், அதுவும் ஆள் கூடியிருக்கிற இடத்தில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி குத்திவிட்டு வந்து தன் கோப்பையையும் குனிந்து பார்க்கிறாள் என்று தன் தம்பியிடம் முறையிடுவார். அவர் கோப்பையில் குனிந்து பார்க்க என்ன இருந்தது? மீன் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. சொதியில்கூட நாலு நெத்தலி மிதக்க வேண்டும் அவருக்கு. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் என்றால் வியாழன் இரவே முகம் வாடிவிடும். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் எல்லாம் கரையில் கிடந்த காலத்தில்கூடத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கல்லுப்பாறைப் பக்கம் போய், ஒரு கறிக்காவது ஏதாவது பிடித்து வந்துவிடுவார்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாக இருந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்கு நேரத்துக்கு மருந்து குடிப்பது என்பது இல்லை. ஒரு நாள் கால் வீங்கிக்கொண்டு வந்தது. பிறகு முகம். கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று டொக்டர் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார், புரதத்தையும் குறைக்கச் சொன்னார். மீனை விடச் சொல்லவில்லை. சின்னத் துண்டொன்று காணும், அவ்வளவு போதும் என்றார். அந்த வார்த்தை எனக்கு இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது.

ஆனால் எனக்கு எதிலும் பாதி பிடிக்காது. குறை என்றதை நான் நிறுத்து என்று எடுத்துக்கொண்டேன். பழுதான சிறுநீரகத்துக்குப் புரதம் சுமை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு நான் எல்லாம் தெரிந்தவள்போல நின்றேன். அந்தக் கிழமையே வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, பட்டணத்தில் இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் கரையில் நேர்த்தி வைப்பதென்றால் ஒருவர் தீ மிதிப்பார், ஒருவர் தோட்டைக் கழற்றி உண்டியலில் போடுவார். நான் இந்தக் கரையிலே விடக் கடினமானது எதுவோ அதை விட்டேன். “அம்மாளே, இவர் எழும்பித் திரும்பக் கடலுக்குப் போகுமட்டும் என்ர குசினியில மச்சம் ஏறாது. நானும் தொடமாட்டன்” என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

“நீரும் விடுறீரோ?”

“ஓம். உங்களுக்கு மட்டும் பத்தியம் வைச்சுப்போட்டு நான் பொரிச்சுத் தின்னுறதோ?”

“என்னால நீரும் கிடந்து காயப்போறீர்” என்றார். பிறகு பின்கதவால் வெளியே போய்ப் படகுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுசனுக்கு என் அன்பு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அதே நாள் குசினியைக் கழுவினேன். மீன் வெட்டுகிற கத்தியையும் மண்சட்டியையும் பக்கத்தில் இருக்கிற அவருடைய தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். தம்பியின் மனைவி, என் மச்சாள், சட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் எதையும் சொல்ல எல்லோருக்கும் பயம்.

மூன்று மாதத்தில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் அந்த வார்டுக்குப் பொறுப்பான தாதி எங்கள் இருவரையும் உட்கார வைத்து, மருந்து, தண்ணீர் அளவு, கையில் குழாய் போட்ட இடத்தை எப்படிப் பார்ப்பது எல்லாவற்றையும் சொன்னாள். பொறுமையான பிள்ளை. கடைசியில், “இனிச் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பம்” என்றாள்.

நான் கையைக் காட்டினேன். “அது எனக்குச் சொல்லத் தேவையில்லை மகள். நான் முப்பது வருசம் மிட்வைஃப். சாப்பாடுதான் படிப்பிச்சனான். அதை நான் பாத்துக்கொள்ளுவன்.”

சொல்லிவிட்டு மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு பாமசி வரிசைக்குப் போய்விட்டேன். அவர் அங்கேயே இருந்தார். நான் திரும்பி வரும்போது தாதி அவரிடம் ஏதோ விரலை மடக்கி மடக்கி எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். “நீர் சொல்லுறதைத்தான் சொன்னவ” என்றார். நான் பெருமைப்பட்டேன்.

அவள் சொன்னது நான் சொல்லுவதற்கு நேரெதிர். இது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. மெஷினில் ஏறாத நோயாளிக்குப் புரதம் குறைய வேண்டும். மெஷினில் ஏறியவருக்குக் கூட வேண்டும். இரத்தத்தைக் கழுவும்போது உடம்பிலுள்ள சத்தும் சேர்ந்து போகிறது, அதைச் சாப்பாட்டால் நிரப்ப வேண்டும். மீன் கொடு, முட்டை கொடு, ஒவ்வொரு நாளும் கொடு. என் வாயால் ஊருக்கெல்லாம் நான் சொன்ன அதே பாடத்தை அந்தப் பிள்ளை எனக்குச் சொல்ல வந்திருக்கிறாள். நான் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறேன்.

என் சமையல் அப்படியே தொடர்ந்தது. புடலங்காயையும் பூசணியையும் சின்னதாக வெட்டி, தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்ப அவித்து அதையும் ஊற்றிவிட்டுச் சமைப்பேன். பருப்பும் பயறும்கூட அளந்துதான். உப்பு இல்லை. அதைச் சோற்றில் போட்டு வைத்தால் அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். நான் கோப்பையைக் குனிந்து பார்ப்பேன். சுத்தமாக இருக்கும்.

“நல்லாயிருந்ததோ?”

“நல்லாயிருந்தது, மிட்வைஃப் அம்மா.”

நோய் பிடித்த பிள்ளையின் கன்னத்தை ரோட்டில் நின்று பார்த்தே நான் சொல்லுவேன், இது சத்தில்லாத பிள்ளை என்று. என் வீட்டுக்குள் இருந்த மனுசனில் அது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு ஒரு காரணமும் இருந்தது. மெஷினில் போடுவதற்கு முன்னும் பின்னும் நிறுப்பார்கள். நிறை பெரிதாக இறங்கவில்லை. தராசை நம்பியே வாழ்ந்தவள் நான், அதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். உடம்பில் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது, சதை போய்க்கொண்டிருந்தது, தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். சாரத்தை இடுப்பில் மூன்று சுற்றுச் சுருட்டிச் செருகினார். வலை இழுத்த கை, போத்தல் மூடியைத் திருப்ப என்னிடம் வந்தது. வருத்தக்காரன் என்றால் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வார்டுக்குள் எங்களை விடமாட்டார்கள். நாலு மணித்தியாலம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே எனக்கு ஒரு துணை கிடைத்தாள். குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிற பெண். முக்காடு சரியச் சரியக் கதைப்பாள். அவளுடைய கணவருக்கும் எங்களுடைய நாட்களிலேயே மெஷின், கட்டில் என் கணவருடையதற்குப் பக்கத்தில். வீட்டில் கோழி வளர்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவித்த முட்டையை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு உள்ளே அனுப்புவாள்.

ஒரு நாள் கேட்டாள். “அக்கா, நீங்க அண்ணனுக்கு முட்ட கொண்டு வாறல்லயா?”

“எங்கட வீட்டில மச்சம் இல்லை. அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். அவர் எழும்பிக் கடலுக்குப் போகுமட்டும்” என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அவள் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். அடுத்தவருடைய நேர்த்தியில் தான் வாய் வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு முட்டையைப் பற்றி அவள் என்னிடம் கதைக்கவில்லை. அந்த மரியாதையை அவள் அன்று கொஞ்சம் குறைத்திருந்தால் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்னிடம் ஒரு வார்த்தை மறுத்துக் கதைக்க என் மச்சாளுக்கே துணிவில்லை, வாங்கில் கண்ட பெண்ணுக்கு எப்படி வரும்?

இதில் எல்லாவற்றையும்விட என்னை அறுக்கிறது ஒரு காலைப்பொழுது. மெஷினில் ஏறி ஐந்து மாதம் ஆகியிருக்கும். அவருடைய படகைத் தம்பிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று கடல் குளம்போலக் கிடந்தது. அவர் கரையில் படகின் அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மருந்தும் அரைத் தம்ளர் தண்ணீரும் கொண்டுபோனேன்.

“இஞ்சரும், ஒண்டு கேக்கட்டே?” என்றார்.

“கேளுங்கோ.”

“நான் தம்பியோட படகில ஏறி, உந்தக் கல்லுப்பாறை மட்டும் போயிட்டு வாறன். ஒரு அரை மணித்தியாலம். கடலுக்குப் போனதாத்தானே கணக்கு? நேர்த்தி முடிஞ்ச மாதிரித்தானே?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “அம்மாளையே ஏமாத்தப் பாக்கிறியளோ? எழும்பித் தொழிலுக்குப் போகுமட்டும் எண்டு சொல்லித்தான் நான் கும்பிட்டனான். உங்களுக்கு வருத்தம் மாறவேணுமெண்டு நான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறன், உங்களுக்கு மீனுக்கு நாக்கு அலையுது.”

தம்பி வலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓமப்பா. நாக்குத்தான்” என்றார்.

மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மெஷினில் ஏறிய எட்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. பிறகு சளி நெஞ்சில் இறங்கியது. வார்டிலேயே மறித்து வைத்துக்கொண்டார்கள். ஊசிக்கு ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். இளம் வயது. மெதுவாகத்தான் கேட்டார்.

“அம்மா, இவருடைய இரத்தத்தில் புரதம் நல்லாக் குறைஞ்சிருக்கு. உடம்பில எதிர்த்து நிற்கச் சக்தியில்லை. மீன், முட்டை ஒண்டும் சாப்பிடேல்லையா?”

எனக்கு விளங்கவில்லை. “இவருக்கு அதெல்லாம் கூடாதுதானே ஐயா?”

டொக்டர் என்னைப் பார்த்தார். ஏசவில்லை. மெஷினில் ஏறிய பிறகு எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். உள்ளங்கையளவு மீன். முட்டை. “இதாலதான் இப்பிடி வந்ததோ?” என்று கேட்டேன். “அப்படிச் சொல்ல ஏலாது அம்மா. இந்த வருத்தக்காரருக்கு இது எப்பிடியும் வரலாம்” என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், இரக்கமாகவும் இருக்கலாம். அதை நான் அவரிடம் திரும்பக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரம் நானே ஒரு முட்டை வாங்கி, ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் அவித்துத் தரச் சொல்லி, கொண்டுபோனேன். நேர்த்தி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்தேன். அவருக்கு அதற்குள் வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். முட்டை என் கைப்பையில் இருந்தது. விடியக் காலமை அவர் போய்விட்டார்.

அவருடைய தம்பிதான் கொள்ளி வைத்தார். மூன்றாம் நாள் சாம்பலைப் பானையில் எடுத்து, அவருடைய படகிலேயே ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் போவதில்லை. நான் கரையில் நின்று பார்த்தேன்.

எங்களில் எட்டாம் நாள் படைப்பது வழக்கம். செத்தவருக்கு என்னென்ன விருப்பமோ எல்லாவற்றையும் சமைத்து இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. மீன் விரும்பியவருக்கு மீன், நண்டு விரும்பியவருக்கு நண்டு, குடித்தவருக்குச் சாராயம்கூட வைப்பார்கள்.

எட்டாம் நாள் காலை தம்பி ஒரு பாரை மீனையும் நாலு நண்டையும் கொண்டுவந்து கேற்றடியில் நின்றார். உள்ளே வரவில்லை. நேர்த்தி அவருக்கும் தெரியும். குசினி வாசலில் நான் இருந்தேன். கொண்டுவா என்றும் சொல்லவில்லை, கொண்டுபோ என்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் குறிஞ்சாக்கேணிப் பெண் வந்தாள். ஒரு பெட்டியில் உமி போட்டு, அதற்குள் முட்டை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். என் பக்கத்தில் நிலத்தில் இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னாள்.

“அக்கா, உங்கட எட்டாம் நாள்ல விருப்பமானத வைப்பீங்களாம். அண்ணனுக்கு முட்ட வைங்க. நான் ஒவ்வொரு நாளும் அவருக்கெண்டும் ரெண்டு அனுப்பினனான். ஒரு நாளும் தின்னயில்ல. எங்கட மனிசனுக்கிட்டயே திருப்பிக் குடுத்திருவாரு.”

“ஏன்?” என்றேன். கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

“வார்டு மிஸ்ஸிமாரு கேட்டா, வீட்டில மனிசி தாறா எண்டு சொல்லுவாராம். எங்கட மனிசன் ஒரு நாள் ஏசியிருக்காரு, உசிரவிட நேர்த்தி பெரிசா, பொஞ்சாதிக்கிட்டச் சொல்லுங்க எண்டு. அதுக்கு அண்ணன் சொன்னாராம், அவள் எனக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்காள், நான் இஞ்ச களவாத் திண்டுட்டு அவளிட முகத்தப் பாக்க ஏலாது எண்டு.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பிறகும் சொன்னாராம். இப்ப போய்ச் சொன்னா, தான் பிழ விட்டுட்டன் எண்டு அவள் செத்துருவாள், ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவள் எண்டு. உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சன் அக்கா. உங்கட சமயத்தில அப்பிடி எண்டு நினைச்சன்.”

அப்போதுதான் அந்தக் கடற்கரைக் காலைப்பொழுது முழுதாக என் முன்னால் வந்து நின்றது. படகைப் பிடித்துக்கொண்டு, ஒரு அரை மணித்தியாலம் என்று கேட்டது. அது நாக்கு இல்லை. உயிர் கேட்டிருக்கிறது. என் நேர்த்தியையும் உடைக்காமல், என் பிழையையும் எனக்குக் காட்டாமல், தானும் பிழைத்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த ஒரே வழி அது. அதையும் நான் ஊர் கேட்க ஏசி மூடினேன். அந்தக் கணத்தில் எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்றுவரை முழுதாகப் போகவில்லை. அவர்மேலும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னை அவ்வளவு பெரிய ஆளாக வைத்துப் பார்க்காமல், மடைச்சி, உனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே.

தம்பி இன்னும் கேற்றடியிலேயே நின்றார். மச்சாள் என்னிடம் வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்றைச் சொன்னாள்.

“அக்கா, நேர்த்தி முடிஞ்சுது. அத்தான் மூண்டாம் நாள் கடலுக்குப் போயிட்டார்தானே.”

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய், என் மண்சட்டியையும் கத்தியையும் கொண்டுவந்து குசினிக்குள் வைத்தாள். அவள் சட்டியைப் பதினொரு மாதமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நான் எழும்பினேன். பாரையை நானே வெட்டினேன். பாதியைக் குழம்பு வைத்தேன், பாதியைப் பொரித்தேன். நண்டை முருங்கையிலை போட்டுக் காய்ச்சினேன், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். சொதியில் நெத்தலி போட்டேன். உப்பைப் போடும்போது கை தானாகக் குறைத்தது, பிறகு நிறையப் போட்டேன். குறிஞ்சாக்கேணிப் பெண் எனக்குப் பக்கத்தில் இருந்து முட்டை உரித்தாள்.

பொழுது படுகிற நேரம் தலைவாழை இலையில் எல்லாவற்றையும் வைத்தோம். சோற்றுக்குப் பக்கத்தில் முட்டை இரண்டை முழுதாக வைத்தேன். விளக்கைக் கொளுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். நான் கடைசியாக வந்தேன். கதவைச் சாத்தும்போது, “சாப்பிடுங்கோ. இனி ஒண்டும் இல்லை, சாப்பிடுங்கோ” என்று சொன்னேன். அதைத் தம்பியும் கேட்டார், மச்சாளும் கேட்டாள்.

வெளியே நின்றோம். கரையில் ஒரு படகு எஞ்சினைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மச்சாள் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் நான்தான் உள்ளே போனேன். முப்பது வருடப் பழக்கம், குனிந்து இலையைப் பார்த்தேன். ஒரு பருக்கையும் குறையவில்லை. முட்டை இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.